மேனகாவின் வடக்கு

என் தம்பி மாதுவின் மனைவி மேனகா பகலில் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விடிந்ததும் மாட்டுக் கொட்டாய், பிறகு தக்காளித் தோட்டம், அதற்குப் பிறகு பால்வாடி, சாயங்காலம் மறுபடியும் தோட்டம். சாப்பிடும்போதுகூட ஒரு கால் எழுந்திருக்கத் தயாராக மடங்கியிருக்கும். அப்படிப்பட்டவள் பிளஸ் டூ புவியியல் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று கிளம்பினால் எப்படி இருக்கும்? நடந்துகொண்டே படித்தாள். வாசலுக்கும் கொட்டாய்க்கும் நடுவே போய் வந்துகொண்டு, "மக்கள் அடர்த்தி என்பது ஒரு சதுர கிலோமீட்டரில்" என்று அவள் முனகுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கே பாதிப் பாடம் மனப்பாடம் ஆகிவிட்டது. நான் பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓட்டுகிறவள். பத்தாவதோடு நின்றவள். எனக்கு எதற்கு மக்கள் அடர்த்தி?

முப்பத்து மூன்று வயதில் அவளுக்கு எதற்கு என்று ஊரில் பலர் கேட்டார்கள். அவள் எங்கள் ஊர் பால்வாடியில் உதவியாளர். கூட்டுவது, தண்ணீர் பிடிப்பது, சமைப்பது, பிள்ளைகளுக்குக் கால் கழுவி விடுவது எல்லாம் அவள் வேலை. அந்த வேலைக்கு ஊரில் ஆயா என்று பெயர். கல்யாணமாகி வந்த மூன்றாம் வருடமே சேர்ந்துவிட்டதால், இருபத்தொரு வயதிலேயே அவள் ஊருக்கெல்லாம் ஆயா. பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லித் தருகிற டீச்சர் குள்ளம்மாள். அவர் இந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு விண்ணப்பிக்க பிளஸ் டூ பாஸ் செய்திருக்க வேண்டும். மேனகா மொரப்பூர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ வரை படித்தவள்தான். மற்ற எல்லாப் பாடமும் பாஸ். புவியியல் மட்டும் போய்விட்டது. அந்த வருடமே கல்யாணம் நடந்தது, அதோடு புத்தகம் பரணுக்குப் போனது.

போன வருடம் தனித்தேர்வராக எழுதினாள். கொஞ்சத்தில் தவறிவிட்டது. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தோம். எழுத்தெல்லாம் பரவாயில்லை. மேப்பில் மட்டும் முட்டை. சும்மா முட்டை இல்லை, வேடிக்கையான முட்டை. ராஜஸ்தானில் இருக்க வேண்டிய தார் பாலைவனத்தை அசாமில் வைத்திருந்தாள். அசாமின் தேயிலைத் தோட்டம் குஜராத்துக்குப் போயிருந்தது. தென் அமெரிக்காவில் இருக்கிற சிலி நாட்டுச் செம்புச் சுரங்கத்தை ஆஸ்திரேலியாவில் இறக்கியிருந்தாள். மாது அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தான். எனக்கு வந்ததே கோபம்.

"வூட்ல எல்லாத்தயும் சரியாத்தான வெச்ச? அங்க போயி என்னா கேடு?" என்று கேட்டேன்.

"தெரியலைங்க அண்ணி. கை தானா அங்க போயிருச்சுங்க" என்றாள்.

பயத்தில் வந்த கோளாறு என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

இந்த வருடம் விட்டால் அவ்வளவுதான். குள்ளம்மாள் டீச்சர் போனதும் வேறு கிராமத்திலிருந்து யாராவது படித்த பெண் வருவாள். அவளுக்கும் மேனகா தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும். சாகிற வரைக்கும் ஆயாதான். இதை மேனகா வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் குள்ளம்மாள் டீச்சர் ஓய்வைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் உடனே எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள். அந்த மாசி மாதம் எங்கள் மாடு குடித்த தண்ணீருக்கு அளவே இல்லை.

எங்கள் ஊர்ப் பேச்சைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வலது, இடது என்று எங்கள் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. எல்லாமே திசைதான். "வடக்கால நவுந்து உக்காரு", "அந்த மேக்கால சொம்ப எடு", "தோசை தெக்கால ஓரம் வேகல பாரு" என்றுதான் பேச்சு. என் அம்மாவைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனபோது, எந்தப் பல் வலிக்கிறது என்று அவர் கேட்டார். "மேக்கால கடவாப் பல்லுங்க" என்றார் அம்மா. டாக்டர் நர்ஸைப் பார்த்தார், நர்ஸ் என்னைப் பார்த்தாள். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. நாற்காலி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கணக்குப் போட்டுத்தான் நானும் யோசித்தேன். பிறந்ததிலிருந்து இப்படியே பேசினால், கண்ணைக் கட்டிச் சுற்றி விட்டாலும் வடக்கு எது என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். இதில் எங்களுக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு.

மேனகா மேப் படிப்பது எங்கள் வாசலில். எதிரே கரடு, சின்னப் பாறைக் குன்று. அதுதான் எங்களுக்கு வடக்கு. சாணி தெளித்த தரையில் மேப்பை விரித்து, கரட்டைப் பார்த்துக் குந்திக்கொண்டு விரலால் குத்துவாள். நான் தையலை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்பேன். சிலி என்றால் சிலி, ஜப்பான் என்றால் ஜப்பான், பிசகாது. இதை வைத்துத்தான் இந்தத் தடவை பாஸ் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பரீட்சைக்கு முந்தின வாரம் மாரியம்மன் பண்டிகை வந்தது. மைக் செட்காரன் ஒலிபெருக்கிக் குழாயை எங்கள் வாசல் பக்கமே திருப்பிக் கட்டிவிட்டான். போய்ச் சண்டை போட்டேன். "அம்மனுக்குப் போடற பாட்டுங்க அக்கா, எறக்கச் சொல்லாதீங்க" என்று கும்பிட்டான். சாமி பெயரைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் என்ன பேச முடியும்? மேனகா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். அங்கே தக்காளி பறிக்க வந்த ஆட்கள், "என்னா ஆயா, பரீட்சையா" என்று வம்புக்கு இழுத்தார்கள். கொட்டாய்க்குப் போனாள், ஈ. பால்வாடியின் பின்புறம் போனாள், பிள்ளைகள் கண்டுபிடித்து மடியில் ஏறிவிட்டன. கடைசியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், கிணற்று மேட்டில் வந்து உட்கார்ந்தாள். வீட்டுச் சுவர் சத்தத்தைக் கொஞ்சம் மறைத்தது. சுவரில் சாய்ந்து தெற்குப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சிலியைக் காட்டு என்றேன்.

விரல் நேராக ஆஸ்திரேலியாவுக்குப் போனது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தார் என்றேன். அசாம். மும்பைக் கடலில் எண்ணெய் எடுக்கிற இடம் என்றேன். வங்காள விரிகுடாவில் போய் நின்றாள். போன வருட விடைத்தாள் அப்படியே கண் முன்னால் வந்தது. அவளை எழுப்பி, புத்தகத்தோடு வாசலுக்கு இழுத்துப் போனேன். காது கிழிகிற பாட்டுக்கு நடுவே கரட்டைப் பார்த்து உட்கார வைத்து அதே கேள்விகளைக் கேட்டேன். எல்லாம் சரி. திரும்பவும் கிணற்று மேடு. எல்லாம் தப்பு.

"ஏன் மேனகா, சிலி எந்தப் பக்கம்?"

"மேக்காலங்க அண்ணி. ரொம்ப தூரம் மேக்கால."

"அப்பறம் ஏன் இங்க வெக்கற?"

"இதுதானுங்களே மேக்கால" என்று வலது கையை நீட்டினாள். அந்தப் பக்கம்தான் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. தெற்குப் பார்த்து உட்கார்ந்தால் மேற்கு வலது கைப் பக்கம்தானே வரும். காகிதத்தில் இருக்கிற மேற்கை அவள் பார்க்கவே இல்லை. நிஜ மேற்கில் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தாள். மேல், கீழ் மட்டும் படத்தின் உருவத்தைப் பார்த்தே வந்துவிட்டது; பக்கம்தான் மாறியது.

போன வருடம் பரீட்சை ஹாலில் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாய் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "தெக்க பாத்துங்க" என்றாள்.

சரி, காரணம் தெரிந்துவிட்டது, திருத்திக்கொண்டால் போகிறது என்றுதான் நினைத்தேன். படத்தில் சோத்துக்கைப் பக்கம் எப்போதும் கிழக்கு, அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள் என்றேன். தலையை ஆட்டினாள். "புரியுதுங்க. ஆனா சோத்துக்கைப் பக்கம் பொழுது உழுவுதே, அத எப்படிங்க கெழக்குன்னு நெனைக்கறது?" என்று கேட்டாள். படத்தின் இரண்டு ஓரத்திலும் மே, கி என்று பென்சிலால் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதினாள். எழுத்தைப் பார்த்துப் பார்த்து மெதுவாகச் செய்தால் வந்தது. கொஞ்சம் வேகமாகக் கேட்டால் கை பழைய இடத்துக்கே ஓடியது. படத்தையே தலைகீழாகத் திருப்பி வைத்தால் நாடுகளின் உருவமே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. எழுத்து காகிதத்தில் இருந்தது, சூரியன் வெளியே இருந்தது. அவள் கை சூரியனைத்தான் நம்பியது. எனக்கு அவள் மேல் எரிச்சல். அவளுக்கு அவள் மேலேயே எரிச்சல். பண்டிகைக்கு வந்த சொந்தக்காரர்களுக்கு அன்றைக்குக் குழம்பில் உப்பில்லை.

மாது ஒரு யோசனை சொன்னான். "வடக்க பாத்த பெஞ்சா இருந்தா பிரச்சனையே இல்லையேக்கா? அதக் கேட்டுருவோம்." பாலக்கோட்டில் பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடத்துக்கு எதிரே அவன் கூட்டாளி முருகேஷ் டீக்கடை வைத்திருக்கிறான். அவனுக்குப் போன் போட்டு, உள்ளே போய் எந்த ரூமில் கரும்பலகை எந்தத் திக்கில் இருக்கிறது என்று பார்த்து வரச் சொன்னான். வாட்ச்மேன் முருகேஷை மேலும் கீழும் பார்த்து, "வாஸ்து பாக்கறீங்களா" என்று கேட்டாராம். சாயங்காலம் முருகேஷ் திரும்பக் கூப்பிட்டான்.

"பழைய கட்டடம் வடக்க பாத்து உக்கார்ற மாதிரி இருக்குது. புதுக் கட்டடம் தெக்க பாத்து. யாருக்கு எந்த ரூமுன்னு பரீட்சை அன்னிக்குக் காலையிலதான் ஒட்டுவாங்களாம்."

அதைக் கேட்டதிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. மேனகா வாசலுக்கும் கிணற்று மேட்டுக்கும் மேப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். மாது சும்மா இருக்க மாட்டாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூ வைத்துக் கேட்டான். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது எங்கள் வழக்கம். சிவப்பு வந்தது என்று சந்தோஷமாக ஓடி வந்தான். சிவப்பு என்றால் எந்தக் கட்டடம் என்று கேட்டேன். போட்ட அவசரத்தில் அதை நினைத்துக்கொள்ள மறந்துவிட்டானாம். இந்தக் குடும்பத்தில் நான் ஒருத்தி எப்படித்தான் குப்பை கொட்டுகிறேனோ.

பரீட்சை அன்று நான்தான் அவளுடன் போனேன். தக்காளி மார்க்கெட்டுக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் உட்கார இடமில்லை. அவளுக்கு இடம் கிடைத்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டாள். பள்ளிக்கூட வாசலில் அறைப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் நம்பரைத் தேடினேன். புதுக் கட்டடம்.

திரும்பி அவளைப் பார்த்தேன். என் முகத்திலேயே படித்துவிட்டாள். "சரிங்க அண்ணி, போயிட்டு வரன்" என்றாள். "மெதுவா போடு. அவசரப்படாத. மே, கி எழுதிக்கோ" என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. வந்தவர்களில் பெரும்பாலும் சின்னப் பெண்களும் பையன்களும். அவர்களுக்கு நடுவே சேலையும் சோற்று டப்பாவுமாக அவள் போனாள். எதிரே முருகேஷின் கடையில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். டீ ஆறி ஏடு கட்டிப் போனது.

மணி அடித்து எல்லோரும் வந்த பிறகு, கடைசி ஆளாக வந்தாள்.

"மேப்பு என்னாச்சு?"

"போட்டுட்டங்க அண்ணி."

"சரியா போட்டியா?"

"போட்டங்க. வாங்க, பஸ்சு போயிரும்."

அவ்வளவுதான். பஸ்ஸில் நான் எத்தனை விதமாகக் கேட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டிலும் வாயைத் திறக்கவில்லை. மாதுவிடமும் சொல்லவில்லை. மறுபடியும் ஆஸ்திரேலியாதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ரிசல்ட் வருகிற வரையில் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுவாள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் உற்றுப் பார்த்துக்கொண்டே நிற்பாள். கூட்டின வாசலையே திரும்பக் கூட்டுவாள். குள்ளம்மாள் டீச்சர் ஒரு நாள் என்னிடம் வந்து, "என்னம்மா இவ, பால் காய்ச்ச வெச்சுட்டு அடுப்பப் பத்த வெக்காம நிக்கறா" என்று கவலைப்பட்டார். தோற்றால் தோற்றதுதான், அதற்காக ஒரு மனுஷி இப்படியா உருகுவாள் என்று எனக்குக் கோபமாகக்கூட வந்தது.

வெயில் உச்சியில் நின்ற ஒரு நாள் ரிசல்ட் வந்தது. மாது போனில் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்கே ஓடினான். நானும் பின்னாலேயே போனேன். மேனகா தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தாள். "பாஸுடி, நல்ல மார்க்கு" என்றான். அவள் போனை வாங்கிப் பார்க்கவில்லை.

"நிறுத்தி வெச்சிருக்கறதா ஏதாச்சும் போட்டுருக்குதா?" என்று கேட்டாள்.

"எதுக்கு நிறுத்தி வெக்கறாங்க? பாஸுன்னு போட்டுருக்குது, பாரு."

அப்போதுதான் வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். மாது பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவர ஓடினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, என்னதான் நடந்தது, இப்போதாவது சொல் என்றேன். சொன்னாள்.

மற்ற கேள்விகளை எல்லாம் எழுதி முடித்துவிட்டு மேப்பை எடுத்திருக்கிறாள். ஹால் தெற்குப் பார்த்தது. ஓரத்தில் எழுத்துப் போட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தாளாம். முதல் இடத்திலேயே கை தடுமாறிவிட்டது. குறித்த இடம் சரியா தப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. அழித்தாள். மறுபடி குறித்தாள். வேர்த்துக் கொட்டியது. கடைசியில் ஒன்றும் யோசிக்காமல் பெஞ்சிலேயே திரும்பி, வடக்குப் பார்த்து உட்கார்ந்து, பின்னால் இருந்த பெண்ணின் மேசை ஓரத்தில் மேப்பை வைத்திருக்கிறாள்.

மேற்பார்வைக்கு வந்த டீச்சரம்மா பாய்ந்து வந்து மேப்பைப் பிடுங்கிக்கொண்டார். காப்பி அடிக்கிறாயா, எழுதிக் கொடுத்துவிடுவேன், பரீட்சையே செல்லாமல் போய்விடும் என்று சத்தம் போட்டார். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எங்கள் மேனகா பால்வாடிக்கு ஆபீசர் வந்தாலே சமையலறையை விட்டு வெளியே வராதவள். அன்றைக்கு எழுந்து நின்று பேசியிருக்கிறாள்.

"நான் காப்பி அடிக்கலைங்க. வடக்கு எனக்கு முதுகுக்குப் பின்னால இருக்குதுங்க. வடக்க பாத்து உக்காந்தா எல்லா எடத்தயும் காட்டுவங்க. இப்படி உக்காந்தா கை தப்பாப் போவுதுங்க. போன வருசமும் இதனாலதான் போச்சுங்க. இந்த வாட்டியும் போனா எனக்கு டீச்சர் வேல கெடைக்காதுங்க."

டீச்சரம்மா அவளையே பார்த்தாராம். எந்த ஊர் என்று கேட்டாராம். சொல்லியிருக்கிறாள். என்ன வேலை என்று கேட்டாராம். அதையும் சொல்லியிருக்கிறாள். பிறகு அவர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். பெஞ்சுகள் எல்லாமே தெற்குப் பார்த்தவை. வடக்குப் பார்த்து ஒரே ஓர் இடம்தான் இருந்தது, கரும்பலகைக்கு முன்னால், அவருடைய நாற்காலி. மேசை மேல் இருந்த காகிதக் கட்டையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்து ஜன்னலில் வைத்தார். மேப்பை மேசையில் விரித்தார்.

"வா. இங்க உக்காந்து போடு. நான் பக்கத்துலயே நிப்பேன்" என்றாராம்.

"உக்காந்தங்க அண்ணி" என்றாள் மேனகா. "உக்காந்த ஒடனே எல்லாம் அதது எடத்துக்கு வந்துருச்சுங்க. ஒண்ணுகூட அழிக்கல. ஆனா பின்னால அந்தம்மா எழுதிக் கொடுத்துருப்பாங்களோ, அதிகாரியோட நாற்காலில உக்காந்ததுக்கு ரிசல்ட்ட நிறுத்திருவாங்களோன்னு ரெண்டு மாசமா பயம். அதான் உங்ககிட்டகூட சொல்லல."

நான் அவளை நன்றாகத் திட்டினேன். என்னிடம் சொல்லியிருந்தால் பாதிப் பயத்தை நான் வாங்கிக்கொண்டிருக்க மாட்டேனா? திட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் கேட்காமலேயே மறுபடி பேசினாள்.

"படம் முடிஞ்சதும் தல நிமிந்து பாத்தங்க. அத்தன புள்ளைங்களும் எனக்கு எதுருக்க உக்காந்து எழுதிட்டு இருந்துச்சுங்க. எந்திரிக்கணும்னு தெரியுது. மனசு வரல. கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தங்க. அந்தம்மாவும் எந்திரின்னு சொல்லலைங்க."